மோட்டார் காயில் அடிக்கடி போகிறதா? வோல்ட், ஆம்பியரை வைத்து நீங்களே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் விவசாயிக்கு வரும் செலவு காயில் கட்டும் கூலியோடு முடிவதில்லை. மோட்டாரைத் தூக்க வண்டி வாடகை, ஆள் கூலி, மறுபடி இறக்கும் செலவு, இதற்கிடையே தண்ணீர் இல்லாமல் வாடும் பயிர் என்று எல்லாம் சேரும். ஒரே மோட்டாருக்கு வருடத்துக்கு இரண்டு முறை காயில் கட்டுபவர்களும் உண்டு. காரணம் கேட்டால் "லோ வோல்டேஜ்" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும்.

அந்த லோ வோல்டேஜ் எங்கே ஏற்படுகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. மின்கம்பத்திலிருந்து வரும்போதே குறைவாக வருகிறதா, நம் தோட்டத்துக் கேபிளில் குறைகிறதா, அல்லது ஏதோ ஒரு ஜாயின்ட்டில் குறைகிறதா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஸ்டார்ட்டர் போர்டில் இருக்கும் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் காட்டும் எண்களை வைத்து, பள்ளியில் படித்த பெருக்கல், வகுத்தல் கணக்கிலேயே இதற்கு விடை கண்டுவிடலாம்.

நான்கு அளவுகள்

சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு மின்சாரக் கணக்கு எளிதாகப் புரியும். மேல்நிலைத் தொட்டியின் உயரம் தண்ணீருக்குத் தரும் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு போன்றது ஆம்பியர். குழாய் குறுகலாகவோ நீளமாகவோ இருந்தால் தண்ணீருக்கு ஏற்படும் தடை போன்றது ஓம். அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்து செய்யும் வேலையின் வேகம் வாட்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட விதிதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அது ஓம் கணக்கில் வரும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். ஆம்பியரை ஓம்மால் பெருக்கினால் வோல்ட். ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, பிறகு ஓம்மால் பெருக்கினாலும் வாட்தான் வரும். கேபிள் இழப்பைக் கண்டுபிடிக்க இந்தக் கடைசிக் கணக்குதான் கைகொடுக்கும்.

பேட்டரி தெளிப்பானை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2.5 ஆம்பியர் இழுத்தால், 12 x 2.5 = 30 வாட். பேட்டரியில் 8 ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், 8 ÷ 2.5 = 3.2 மணி நேரம் ஓட வேண்டும். பேட்டரி பழசானால் இந்த நேரம் குறையும்.

மாட்டுப் பண்ணையில் பால் பாத்திரம் கழுவ வெந்நீர் போடும் 1,000 வாட் ஹீட்டர் இன்னொரு உதாரணம். 230 வோல்ட்டில் அது இழுப்பது 1,000 ÷ 230 = 4.35 ஆம்பியர். அதன் தடை 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், 180 ÷ 53 = 3.4 ஆம்பியர்தான் இழுக்கும். திறன் 180 x 3.4 = சுமார் 610 வாட். அதாவது 1,000 வாட் ஹீட்டர் 610 வாட் ஹீட்டராகிவிடும். தண்ணீர் சுட நேரமாகும், அவ்வளவுதான். ஹீட்டருக்கு ஆபத்து ஒன்றுமில்லை.

மோட்டார் மட்டும் ஏன் எரிகிறது?

வோல்டேஜ் குறைந்தால் ஹீட்டர் குறைவாக இழுக்கிறது. மோட்டார் இதற்கு நேர்மாறாக, கூடுதலாக இழுக்கும். தண்ணீரை மேலே தள்ளும் சுமை அப்படியேதான் இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய ஏறக்குறைய அதே வாட் தேவை. வோல்ட் குறைந்தால், வாட் கணக்கைச் சரிக்கட்ட ஆம்பியர் ஏறுகிறது.

415 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், 350 வோல்ட்டில் ஏறக்குறைய 11.9 ஆம்பியர் இழுக்கும். ஏறியது சுமார் 2 ஆம்பியர்தானே என்று விட்டுவிடக் கூடாது. காயிலில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 1.19 x 1.19 = 1.41. அதாவது காயிலுக்குள் 41 சதவீதம் கூடுதல் வெப்பம்.

காயில் கம்பியின் உறைக்கு வெப்பம்தான் எமன். 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. தண்ணீர் நிரப்பி இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்களில் காயில் கம்பிக்கு பிளாஸ்டிக் உறைதான் இருக்கும். அது சூட்டில் இளகிவிடும்.

மும்முனையில் ஒரு முனை போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். மீதி இரண்டு முனைகளில் ஆம்பியர் சுமார் 1.7 மடங்கு வரை ஏறும். அந்த வயர்களில் வெப்பம் ஏறக்குறைய மூன்று மடங்காகும். சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் இல்லாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் மட்டும் வைத்திருப்பது ஆபத்து என்று சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஓடும் மோட்டாரின் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, அதுதான் காயிலின் தடை என்று நினைக்கக் கூடாது. ஓடும் மோட்டாருக்குள் காந்தப்புலமும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து வேலை செய்வதால் அந்தக் கணக்கு பொருந்தாது. கேபிளுக்கும் ஜாயின்ட்டுக்கும் ஹீட்டருக்கும்தான் ஓம் கணக்கு நேராகப் பொருந்தும். நமக்கு வேண்டியதும் கேபிள் கணக்குதான்.

கேபிளின் தடை எவ்வளவு?

செம்புக் கேபிளின் ஒரு வயருக்கு 100 மீட்டர் நீளத்தில் உள்ள தடை ஏறக்குறைய இவ்வளவு:

1.5 சதுர மி.மீ. – 1.3 ஓம்
2.5 சதுர மி.மீ. – 0.8 ஓம்
4 சதுர மி.மீ. – 0.5 ஓம்
6 சதுர மி.மீ. – 0.33 ஓம்
10 சதுர மி.மீ. – 0.19 ஓம்

நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு. கனம் இரண்டு மடங்கானால் தடை பாதி. அலுமினிய வயராக இருந்தால் அதே கனத்துக்குத் தடை சுமார் 1.6 மடங்கு. வயர் சூடானாலும் தடை ஏறும். செம்பில் 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம்.

இனி ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார். 10 ஆம்பியர் இழுக்கிறது. ஸ்டார்ட்டரிலிருந்து போர் வரை 90 மீட்டர். போருக்குள் மோட்டார் 210 மீட்டர் ஆழத்தில், அதாவது சுமார் 690 அடியில் இருக்கிறது. மொத்தம் 300 மீட்டர் கேபிள். போட்டிருப்பது 2.5 சதுர மி.மீ.

ஒரு வயரின் தடை: 0.8 x 3 = 2.4 ஓம்.
ஒரு வயரில் குறையும் வோல்ட்: 10 x 2.4 = 24.
மும்முனை மின்சாரத்தில் இரு முனைகளுக்கு இடையே அளக்கும்போது இதை 1.73 ஆல் பெருக்க வேண்டும்: 24 x 1.73 = சுமார் 42 வோல்ட்.

ஸ்டார்ட்டரில் 400 வோல்ட் காட்டினாலும் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 358 வோல்ட் அளவில்தான். மீட்டரைப் பார்த்து "கரண்ட் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். மோட்டாரோ கீழே லோ வோல்டேஜில் ஓடிக்கொண்டிருக்கும்.

கேபிளில் வீணாகும் திறனையும் பார்ப்போம். 10 x 10 x 2.4 = 240 வாட். மூன்று வயருக்கு 720 வாட். கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறன் (746 வாட்) தண்ணீர் இறைக்காமல் கேபிளைச் சூடாக்குவதிலேயே போகிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 5.8 யூனிட் வீண்.

இதே இடத்தில் 4 சதுர மி.மீ. கேபிள் போட்டால் குறைவது 26 வோல்ட், வீணாவது 450 வாட். 6 சதுர மி.மீ. போட்டால் குறைவது 17 வோல்ட், வீணாவது 300 வாட். வோல்டேஜ் இழப்பு மொத்தத்தில் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 415 வோல்ட்டுக்கு அது சுமார் 21 வோல்ட். அந்த வரம்புக்குள் வருவது 6 சதுர மி.மீ. கேபிள் மட்டும்தான். இந்தக் கணக்கு உண்மையான இழப்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். கேபிள் வாங்கும்போது அது நமக்குப் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் இலவச விவசாய இணைப்பு வைத்திருப்பவருக்கு மின் கட்டணம் வராது. அதனால் இந்த 720 வாட் இழப்பு கண்ணில் படுவதில்லை. அந்தச் செலவு காயில் கட்டும் கடையில் ரசீதாக வருகிறது. ஜெனரேட்டர் வைத்து இறைப்பவருக்கோ அது டீசல் செலவாகவே தெரியும்.

மோட்டாரை மாற்றினால் கேபிளையும் கணக்கிடுங்கள்

நீர்மட்டம் இறங்கியதும் பலர் செய்வது, மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்குவதும் 5 குதிரைத்திறனை 7.5 ஆக மாற்றுவதும்தான். பழைய கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே நீட்டிப் போட்டுவிடுவார்கள்.

மேலே பார்த்த அதே 300 மீட்டர் 2.5 சதுர மி.மீ. கேபிளில் 7.5 குதிரைத்திறன் மோட்டார் 15 ஆம்பியர் இழுத்தால் என்னவாகும்? குறையும் வோல்ட் 15 x 2.4 x 1.73 = சுமார் 62. வீணாகும் திறன் 15 x 15 x 2.4 x 3 = 1,620 வாட். குதிரைத்திறன் ஒன்றரை மடங்குதான் ஏறியது. கேபிளின் வெப்பம் இரண்டேகால் மடங்கு ஏறிவிட்டது. புதிய மோட்டார் வாங்கிய சில மாதங்களில் எரிந்தால், கம்பெனியைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கேபிளா, ஜாயின்ட்டா, மின் சப்ளையா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். மின்வாரிய மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் சுவிட்சில் வோல்ட், போர் வாயில் உள்ள ஜாயின்ட் பெட்டியில் வோல்ட், டங் டெஸ்டரில் ஆம்பியர். மின்சாரம் உள்ள வயரில் அளக்க வேண்டியிருப்பதால் இதை நீங்களே செய்ய வேண்டாம். எண்களை எழுதிக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.

மோட்டார் ஓடும்போதுதான் அளக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மோட்டார் நின்றிருந்தால் ஆம்பியர் பூஜ்யம். பூஜ்யத்தை எந்தத் தடையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதனால் எவ்வளவு மோசமான ஜாயின்ட்டாக இருந்தாலும் வோல்ட் மீட்டர் முழு அளவைக் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

உதாரணத்துக்கு, மெயின் சுவிட்சில் 400 வோல்ட், போர் வாயில் 372 வோல்ட், ஆம்பியர் 10 என்று வைத்துக்கொள்வோம். இடையே இருப்பது 150 மீட்டர், 4 சதுர மி.மீ. செம்புக் கேபிள்.

குறைந்தது 28 வோல்ட். அதை 1.73 ஆல் வகுத்து, பிறகு 10 ஆம்பியரால் வகுத்தால் 1.6 ஓம். ஆனால் அந்தக் கேபிளுக்கு இருக்க வேண்டிய தடை 0.5 x 1.5 = 0.75 ஓம்தான். மீதி 0.85 ஓம் எங்கிருந்து வந்தது? தளர்ந்த ஸ்க்ரூ, துருப்பிடித்த பியூஸ் கேரியர், தேய்ந்த கான்டாக்ட், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஆகிய இடங்களில்தான் அது ஒளிந்திருக்கும். அந்தத் தடையில் 10 x 10 x 0.85 = 85 வாட் வெப்பம் உண்டாகிறது. வயரிங் வேலைக்கான சால்டரிங் அயர்ன் 25 முதல் 60 வாட் வரைதான் இருக்கும். அதைவிடக் கூடுதலான சூடு உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்த்தால், கருகிய இடம் தானே காட்டிக்கொடுக்கும்.

கணக்கில் வந்த தடையும் கேபிளுக்கு இருக்க வேண்டிய தடையும் ஏறக்குறைய சமமாக இருந்து, இழப்பு மட்டும் கூடுதலாக இருந்தால், கேபிள் கனம் போதவில்லை. இரண்டும் சரியாக இருந்து, மெயின் சுவிட்சிலேயே வோல்டேஜ் குறைவாக இருந்தால், கோளாறு உங்கள் தோட்டத்தில் இல்லை. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் பாதையில் இருக்கிறது. அப்போது கேபிளுக்குப் பணம் செலவழிப்பது வீண். எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் குறித்துவைத்து, அந்தக் குறிப்போடு மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் மனு கொடுங்கள். "லோ வோல்டேஜ்" என்று வாயால் சொல்வதைவிட எண்களோடு கொடுக்கும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

போர் வாயில் சிவப்பு–மஞ்சள், மஞ்சள்–நீலம், நீலம்–சிவப்பு என்று மூன்று ஜோடிகளையும் அளக்கச் சொல்லுங்கள். மெயின் சுவிட்சில் மூன்றும் சமமாக இருந்து, இங்கே இரண்டு ஜோடிகள் மட்டும் குறைந்திருந்தால், அந்த இரண்டிலும் பொதுவாக உள்ள வயரில்தான் கோளாறு. சிவப்பு–மஞ்சளும் மஞ்சள்–நீலமும் குறைவு என்றால், மஞ்சள் வயரின் ஜாயின்ட்டைப் பாருங்கள்.

போருக்குள் இறங்கும் கேபிளை இப்படி அளக்க முடியாது. அதற்கு நீளத்தையும் கனத்தையும் வைத்துக் கணக்குப் போடுவதுதான் வழி. ஸ்டார்-டெல்டா முறையில் ஆறு வயர் இறங்கும் மோட்டார்களில் ஒவ்வொரு வயரிலும் ஓடும் ஆம்பியர் மாறுபடும். அவற்றுக்கு மின்பணியாளரிடமோ மோட்டார் கம்பெனியின் கேபிள் அட்டவணையிலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவர்லோடு ரிலேயைத் திருகாதீர்கள்

மோட்டார் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோடு ரிலேயின் அளவைக் கூட்டி வைப்பது பல தோட்டங்களில் நடக்கிறது. டிரிப் ஆவது ரிலேயின் கோளாறு அல்ல. ஆம்பியர் ஏறிவிட்டது என்று அது சொல்கிறது. 10 ஆம்பியர் மோட்டாருக்கு 13 ஆம்பியரில் ரிலே வைத்தால், 1.3 x 1.3 = 1.69. காயிலில் 69 சதவீதம் கூடுதல் வெப்பம் ஏறும்வரை ரிலே சும்மா இருக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் ரிலே அளவு மோட்டாரின் பெயர்ப்பலகையில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டக் கூடாது.

ஈரக் கையும் இதே கணக்குதான்

உடலுக்கும் மின்தடை உண்டு. உலர்ந்த தோலில் அது அதிகம். ஈரத்தில் ஏறக்குறைய 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். ஆளைப் பாதுகாக்கப் போடும் கசிவு மின் பிரேக்கர் 30 மில்லி ஆம்பியரிலேயே அணைந்துவிடும்படி அமைக்கப்படுகிறது. அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் ஓடினால் உயிர் தங்காது. வாய்க்காலில் நின்ற காலோடு ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறையாவது சோதிக்கச் சொல்லுங்கள்.

எழுதிவைக்க வேண்டியவை

புதிய மோட்டாரோ, காயில் கட்டிய மோட்டாரோ இறக்கும் நாளில் இந்த எண்களை ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவு உட்புறத்தில் பெயிண்ட்டில் எழுதிவையுங்கள்.

1. பெயர்ப்பலகையில் உள்ள குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர்.
2. கேபிளின் கனம், மொத்த நீளம், செம்பா அலுமினியமா, எத்தனை ஜாயின்ட்.
3. இறக்குவதற்கு முன் அளந்த காயில் தடை. மூன்று ஜோடிகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் இறக்காதீர்கள்.
4. மெக்கரில் அளந்த இன்சுலேஷன் அளவு. அது 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
5. முதல் நாள் ஓடும்போது மூன்று முனைகளிலும் வோல்ட், ஆம்பியர்.

பிறகு மாதம் ஒரு முறை மோட்டார் ஓடும்போது மீட்டர்களைப் பார்த்து ஒப்பிட்டால் போதும். வோல்ட் குறைந்து ஆம்பியர் ஏறினால், மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் கேபிளா, ஜாயின்ட்டா, சப்ளையா என்று பாருங்கள். வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் ஏறினால், பம்பில் மணல் சிக்கியிருக்கலாம் அல்லது பேரிங் தேய்ந்திருக்கலாம். வோல்ட் சரியாக இருந்தும் ஆம்பியர் மிகவும் குறைந்தால், போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். உடனே மோட்டாரை நிறுத்திவிடுங்கள். காயில் கருகுவதற்குப் பல நாட்களுக்கு முன்பே இந்த இரண்டு மீட்டர்களில் அதன் அறிகுறி தெரிந்துவிடும்.